ஆடி, 1099

காலையில் சென்னை சர்வர் திருப்பி அனுப்பியவை
நானூற்றுப் பன்னிரண்டு.
எல்லாவற்றுக்கும் ஒரே வரி:
தேதி ஏற்கத்தக்க வடிவில் இல்லை.

தக்கலையில் விடாத மழை.
மாடியில் ஸ்கேனர் மேல் நீல டார்ப்பாய்.
நானும் பியூலாவும் கட்டன்சாயாவும்.

இந்தப் பக்கத்து ஆண்டு
ஆவணியில் பிறந்து ஆடியில் முடியும்.
எண்ணூற்று இருபத்தைந்து கூட்டவேண்டும்.
ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை என்றால்
அதில் ஒன்று குறைக்கவேண்டும்.
சர்வரிடம் இதை யார் சொல்ல?
‘1099 ஆடி’ என்றால் திருப்பி அனுப்பும்.
வெறும் ‘1099’ என்றால் நம்பிவிடும்.
அப்படித்தான் இரணியலில் யாரோ வாங்கிய உப்புச் சீட்டு
சோழர் காலத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

போன வருஷம் அஜின் வந்தான்.
ஒரே ராத்திரியில் முடித்துத் தருகிறேன் என்று
கண்ணில் பட்ட ஆண்டுக்கெல்லாம் 825 கூட்டினான்.
குளச்சலில் 1931-இல் நடந்த ஜெபக்கூட்டத்தின் நோட்டீஸ்
விடியும்போது 2756-இல் கிடந்தது.
‘இன்னும் நேரம் கெடக்கு அக்கா,
மெதுவா போலாம்’ என்றாள் பியூலா.

குளச்சல் என்றேனா?
கொளச்சல் என்று ஒன்று, கொளச்சில் என்று ஒன்று,
வெள்ளைக்காரன் எழுத்தைப் பார்த்துக் கோலாச்சல் என்று ஒன்று.
வரைபடத்தில் நான்கு புள்ளி.
நான்காவது கடலுக்குள்.

எங்கள் மரச்சீனி
மதுரைத் தொகுப்பில் மரவள்ளி,
கோவையில் குச்சிக்கிழங்கு.
ஒரே கிழங்கு, தன்னைத் தானே அறியாமல்
மூன்று அலமாரியில்.
நடுவில் ‘காண்க’ என்று ஒரு சொல் போட்டால் போதும்.
அதைப் போட ஆளில்லை.
போட்டாலும் அங்கே அதற்குக் கட்டமில்லை.

குழித்துறையிலிருந்து ஷெர்லின் எழுதியிருந்தாள்.
ஆறு அன்று எவ்வளவு ஏறியது என்று கணக்குப் போடுகிறவள்.
தொண்ணூற்றொன்பது வெள்ளம், ஆடி மாதம்,
மழையளவு ஏதும் இருக்கிறதா?
மூன்று தடவை கேட்டாள்.
மூன்று தடவை ‘மழை’ என்று தேடினேன்.
முடிவுகள் இல்லை என்றது.
அதையே மரியாதையாக எழுதி அனுப்பினேன்.

இன்று, திரும்பி வந்தவற்றில் ஒன்று:
கீரிப்பாறை எஸ்டேட். மலைக் கணக்கு.
பொருள்: நில அளவை. மொழி: மலையாளம்.
தேதியைத் திருத்தப் படத்தைத் திறந்தேன்.
மொழி தமிழ். எண்கள்தான் மலையாளம்.
ஒன்றாம் தேதி நாலங்குலம் சில்லறை.
இரண்டாம் தேதி ஏழு.
மூன்றாம் தேதிக்கு எண் இல்லை.
கட்டத்தை மீறி, சாய்வாக,
‘பாத்திரம் நெறஞ்சு வழிஞ்சு போச்சு.
எவ்வளவுன்னு தெரியாது.’

மலையில்லை.

பதிவு செய்தவர் யார் என்று பார்த்தேன்,
பியூலாவாக இருக்கும் என்ற நினைப்பில்.
ச. ஜெ.
நான்தான்.
ஐந்து வருஷம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை,
மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.
மார்த்தாண்டம் பஸ் ஐந்து ஐம்பத்தைந்துக்கு.
தலைப்பே மலை என்றானபின்
பொருளை நில அளவை என்று போட
யோசிக்கக்கூட வேண்டியிருந்திருக்காது.

குறிப்பு எழுதாமல் சேமிக்க விடாது.
‘மலை என்றிருந்தது மழை எனத் திருத்தப்பட்டது’ என்று எழுதினேன்.
யாரால் என்று அதில் இல்லை. அழித்தேன்.
‘மலை என்று நான் தவறாக எழுதியது மழை.’
சேமி.

இன்னும் நானூற்றுப் பதினொன்று.
பியூலா டார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறாள்.
ஷெர்லினுக்கு எழுதுகிறேன்:
கிடைத்துவிட்டது, மன்னிக்கவும்.
ஆனால் மூன்றாம் தேதிக்கு எண் இல்லை,
ஒரு வரிதான் இருக்கிறது.
உங்கள் அட்டவணையில்
அதற்கு ஏதாவது கட்டம் உண்டா?